பிராக்மாட்டிசம்: பர்ஸ், ஜேம்ஸ், டூயி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பி.எட். படித்தவர்கள் பலருக்கு ஜான் டூயி 'பொருத்துக' பகுதியில் அறிமுகமாகியிருப்பார். இடப்பக்கம் டூயி, வலப்பக்கம் 'செய்து கற்றல்'. கோடு போட்டால் ஒரு மதிப்பெண். நானும் அப்படிக் கோடு போட்டவன்தான். அந்தக் கோட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பிறகு தேடிப் படித்தேன். பர்ஸ், ஜேம்ஸ், டூயி என்ற மூன்று அமெரிக்கர்கள் வளர்த்த பிராக்மாட்டிசம் என்ற தத்துவம் இருந்தது. நண்பர்களும் மாணவர்களும் கேட்ட கேள்விகளுக்குச் சொன்ன பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பிராக்மாட்டிசம் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஒரு கருத்துக்கு என்ன பொருள் என்று தெரிய வேண்டுமானால், அது உண்மையாக இருந்தால் நடப்பில் என்ன மாறும் என்று பாருங்கள். எதுவுமே மாறாது என்றால் அதை வைத்துச் சண்டை போடுவது வீண். மூல யோசனை இவ்வளவுதான்.

1878-இல் சார்லஸ் சாண்டர்ஸ் பர்ஸ் எழுதிய கட்டுரையில் இதற்கு வைரத்தை உதாரணமாகக் காட்டுகிறார். வைரம் கடினமானது என்கிறோம். கடினம் என்பது வைரத்துக்குள் ஒளிந்து கிடக்கும் ஏதோ ஒரு சரக்கு இல்லை. மற்றப் பொருள்கள் பலவற்றால் உரசினாலும் அதில் கீறல் விழாது, அவ்வளவுதான் அந்தச் சொல்லின் பொருள்.

நம்பிக்கையும் இப்படித்தான். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று நம்புகிறவர் தாகம் எடுத்தால் வாளியை இறக்குவார். இறக்கத் தயாராக இல்லாதவர் 'நம்புகிறேன்' என்று வாயால் சொல்வது கணக்கில் வராது. ஒருவர் எதை நம்பிச் செயலில் இறங்கத் தயாராக இருக்கிறாரோ அதுவே அவருடைய நம்பிக்கை என்று ஸ்காட்லாந்துக்காரரான அலெக்சாண்டர் பெய்ன் முன்பே சொல்லியிருந்தார். அமெரிக்கர்கள் அந்த இழையைப் பிடித்துக்கொண்டு நெடுந்தூரம் போனார்கள்.

தமிழில் இதற்கு என்ன பெயர்?

பயனளவைக் கொள்கை, பயன்வழிக் கொள்கை, நடைமுறைவாதம் என்று ஆளுக்கொன்று எழுதுகிறார்கள். 'பயன்' என்றதும் லாப நட்டக் கணக்குபோலத் தோன்றிவிடுகிறது. 'நடைமுறை' என்றால் வளைந்து கொடுத்துப் போவதுபோல. கிரேக்கத்தில் 'பிராக்மா' என்றால் செயல், காரியம். நேராகப் பெயர்த்தால் 'காரியவாதம்' என்று வரும். ஆனால் நம் ஊரில் 'காரியவாதி' என்று யாரைச் சொல்வோம் என்பது தெரிந்ததே. வேடிக்கை என்னவென்றால், இந்தத் தத்துவத்தின் மேல் எதிரிகள் வைத்த குற்றச்சாட்டும் கிட்டத்தட்ட அதேதான். அதனால் பிராக்மாட்டிசம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

தொடங்கியது பர்ஸா, ஜேம்ஸா?

யோசனை பர்ஸுடையது, ஊரறியச் செய்தது ஜேம்ஸ்.

1870-களின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் சில இளைஞர்கள் கூடி வாதம் செய்வார்கள். மெட்டாஃபிசிக்கல் கிளப் என்று பாதி விளையாட்டாகப் பெயர் வைத்திருந்தார்கள். பர்ஸ், வில்லியம் ஜேம்ஸ், ஷான்சி ரைட், பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் எல்லாரும் அதில் இருந்தார்கள். அங்கே பேசியதை 1877, 1878-இல் பர்ஸ் கட்டுரைகளாக எழுதினார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இருபது வருடம் கழித்து, 1898-இல், கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பேசிய ஜேம்ஸ் 'பிராக்மாட்டிசம்' என்ற சொல்லை மேடையேற்றி, இது பர்ஸின் கொள்கை என்று பெயரையும் சொன்னார். 1907-இல் அவருடைய புத்தகம் வந்தது.

எழுத்துக்கூட்டலைப் பார்த்துப் பலர் 'பியர்ஸ்' என்று எழுதுகிறார்கள். ஆனால் உச்சரிப்பு 'பர்ஸ்'. பணம் வைக்கும் பர்ஸேதான். பாவம், அவருடையது கடைசிவரை காலி. கடலோர அளவைத் துறையில் விஞ்ஞானியாக வேலை பார்த்தார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1879 முதல் 1884 வரை தர்க்கம் சொல்லிக்கொடுத்தார். முதல் மனைவியுடன் மணமுறிவு ஆகும் முன்பே இன்னொருவருடன் வாழ்ந்தார் என்பதால் அந்த வேலை போயிற்று. வேறு நிரந்தர ஆசிரியர் பணி கிடைக்கவே இல்லை. பென்சில்வேனியாவின் மில்ஃபர்டில் வறுமையில் இருந்து 1914-இல் இறந்தார். நடுவில் ஜேம்ஸ்தான் நண்பர்களிடம் பணம் திரட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பயன் தந்தால் அது உண்மை. இதுதானே பிராக்மாட்டிசம்?

அதிகம் கேட்கப்படுவதும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். முதலில் ஜேம்ஸ் சொல்லும் அணில் கதையைப் பார்ப்போம்.

மலையில் முகாமிட்டிருந்த நண்பர்கள் கடும் வாக்குவாதத்தில் இருக்கிறார்கள். ஒரு மரத்தில் அணில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்க ஒருவர் மரத்தைச் சுற்றி வருகிறார். அணிலும் அதே வேகத்தில் மறுபுறமாக நகர்வதால் நடுவில் எப்போதும் மரம் இருக்கிறது. அவர் மரத்தைச் சுற்றினார், சரி. அணிலைச் சுற்றினாரா? பாதிப்பேர் ஆம், பாதிப்பேர் இல்லை. ஜேம்ஸ் சொன்னார்: 'சுற்றுவது' என்றால் அணிலுக்கு வடக்கே, கிழக்கே, தெற்கே, மேற்கே என்று போய்வருவதானால் சுற்றினார். அதன் முகம், வலம், முதுகு, இடம் என்று வருவதானால் சுற்றவில்லை. சொல்லால் நடப்பில் எதைக் குறிக்கிறோம் என்று பிரித்துவிட்டால் வழக்கு முடிந்தது. பிள்ளையார் மாம்பழம் வாங்கிய கதையிலும் 'சுற்றுவது' என்ற சொல்லை வைத்துத்தானே தீர்ப்பு!

உண்மை விஷயத்தில் ஜேம்ஸ் கொஞ்சம் வாய்விட்டு மாட்டிக்கொண்டார். ஒரு கருத்தின் 'ரொக்க மதிப்பு' என்ன என்று கேளுங்கள் என்றெல்லாம் எழுதினார். பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் போன்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள்: சாந்தா கிளாஸை நம்புவது சந்தோஷம் தருகிறது, அப்படியானால் சாந்தா கிளாஸ் உண்மையா? ஜேம்ஸ் அப்படிச் சொல்லவில்லை. கருத்து அனுபவத்தில் சோதனைக்கு நின்றுபிடிக்க வேண்டும், ஏற்கெனவே உறுதிப்பட்ட மற்ற உண்மைகளோடு ஒத்துப்போக வேண்டும் என்ற நிபந்தனைகளையும் அதே புத்தகத்தில் வைத்திருந்தார். இருந்தாலும் நடையின் கவர்ச்சியால் நிபந்தனைகள் காதில் விழாமல் போயின. அதற்கு அவரும் ஓரளவு பொறுப்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பர்ஸுக்கு உண்மை என்பது தனிமனிதருக்கு உதவுவதே அல்ல. விசாரணை தடையின்றித் தொடர்ந்தால் கடைசியில் எல்லா ஆய்வாளரும் எங்கே வந்து சேர்வார்களோ அதுவே உண்மை. ஜேம்ஸின் வியாக்கியானங்களைப் பார்த்துச் சலித்துப்போய் 1905-இல் தன் கொள்கைக்கு 'பிராக்மாட்டிசிசம்' என்று புதுப்பெயர் சூட்டினார். இவ்வளவு அவலட்சணமான பெயரை யாரும் கடத்திக்கொண்டு போகமாட்டார்கள் என்று காரணமும் சொன்னார். அவர் கணிப்பு சரி. யாரும் கடத்தவில்லை.

ஏன் அமெரிக்காவில், ஏன் அந்தக் காலத்தில்?

1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரைச் சிலர் காரணமாகச் சொல்வார்கள். ஹோம்ஸ் அந்தப் போரில் மூன்று முறை காயம்பட்டவர். அசையாத நிச்சயங்கள் ஆளைக் கொல்லும் என்ற பாடம் அந்தத் தலைமுறைக்கு ரத்தத்தில் கிடைத்தது என்பது வாதம். இருக்கலாம். என் கணிப்பில் டார்வின்தான் பெரிய காரணம். 1859-இல் அவருடைய நூல் வந்தது. டூயி பிறந்ததும் அதே வருடம். மனிதனும் ஓர் உயிரினம் என்று ஏற்றுக்கொண்டால், அவன் மனமும் கண், கால்போலப் பிழைப்புக்கு உதவுகிற ஓர் ஏற்பாடு என்று யோசிக்க வேண்டிவருகிறது. மனம் உலகைப் படம்பிடிக்கும் கண்ணாடி என்ற பழைய படிமம் அங்கே ஆட்டம் காண்கிறது.

உளவியலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

தத்துவக்காரர் ஜேம்ஸும் உளவியலாளர் ஜேம்ஸும் ஒரே ஆள் என்பதுதான் முதல் சம்பந்தம். ஜேம்ஸ் 1869-இல் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம் பெற்றவர். மருத்துவம் பார்க்கவில்லை. உடலியங்கியல் சொல்லிக்கொடுக்க வந்து, 1875 வாக்கில் உளவியல் பாடத்தைத் தொடங்கினார். 1878-இல் ஒரு பதிப்பாளரிடம் உளவியல் பாடநூல் எழுதித் தருவதாக ஒப்பந்தம் போட்டார். இரண்டு பாகமாக, ஏறக்குறைய 1,400 பக்கத்தில் புத்தகம் வந்தது 1890-இல். பன்னிரண்டு வருடம் பொறுத்த அந்தப் பதிப்பாளருக்குத் தனியாகச் சிலை வைக்கலாம். மாணவர்கள் பெரிய நூலை 'ஜேம்ஸ்' என்றும், 1892-இல் வந்த சுருக்கத்தை 'ஜிம்மி' என்றும் கூப்பிட்டார்கள்.

அதற்கு முன்பே அவர் வாழ்க்கையில் ஒரு விஷயம் நடந்திருந்தது. இருபதுகளின் கடைசியில் கடுமையான மனச்சோர்வில் கிடந்தார். மனிதன் வெறும் இயந்திரம் என்றால் எதற்கு முயல வேண்டும் என்ற கேள்வி அவரை அரித்தது. 1870 ஏப்ரல் 30-ஆம் தேதி நாட்குறிப்பில், என் சுதந்திர விருப்பத்தின் முதல் செயல், சுதந்திர விருப்பம் உண்டு என்று நம்புவதுதான் என்று எழுதினார். ஒரே நாளில் குணமாகிவிடவில்லை. ஆனால் நம்பிக்கையைச் செயலாகப் பார்க்கும் பழக்கம் அவருக்குப் புத்தகத்திலிருந்து மட்டும் வந்ததில்லை.

ஜேம்ஸின் உளவியலில் எதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்?

நினைவோட்டம் என்று தமிழ் இலக்கிய விமர்சனத்தில் அடிபடுகிறதே, அதைப் பிரபலமாக்கியவர் ஜேம்ஸ்தான். எண்ணங்கள் மணிமாலைபோல் கோத்தவை அல்ல, ஆறுபோல ஓடுபவை என்றார். உணர்ச்சி பற்றிய கொள்கையும் பிரபலம். 1884-இல் எழுதினார்: கரடியைக் கண்டு பயந்து ஓடுகிறோம் என்று சொல்கிறோம், உண்மையில் ஓடுவதால், நெஞ்சு படபடப்பதால்தான் பயப்படுகிறோம். அடுத்த வருடம் டென்மார்க்கின் கார்ல் லாங்கேயும் இதேபோலச் சொன்னதால் ஜேம்ஸ்–லாங்கே கொள்கை என்று பெயர். 1927-இல் வால்டர் கேனன் இதைக் கடுமையாக மறுத்தார். வெவ்வேறு உணர்ச்சிகளிலும் உடல் மாற்றங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன என்பது அவருடைய வாதங்களில் ஒன்று.

என்னைக் கேட்டால் பழக்கம் பற்றிய அத்தியாயம்தான் உச்சம். சமூகம் என்ற இயந்திரத்தின் ஓட்டத்தைக் குலையாமல் காக்கும் கனத்த சக்கரம் பழக்கம் என்கிறார். புதுப் பழக்கத்தை முழு வேகத்தோடு தொடங்கு. வேர்பிடிக்கும்வரை ஒருமுறைகூட விலக்கு கொடுக்காதே. ஒரு விலக்கு என்பது சுற்றிக்கொண்டிருக்கும் நூலுண்டையைக் கைநழுவ விடுவதுபோல, ஒருமுறை விழுந்தால் பல சுற்று அவிழ்ந்துவிடும். இவற்றில் சில பெய்னிடமிருந்து எடுத்தவை, அதையும் அவர் மறைக்கவில்லை. அடுத்து வருவது முழுக்க ஜேம்ஸ். நாடக அரங்கில் கற்பனைப் பாத்திரங்களுக்காக ஒரு ரஷ்யச் சீமாட்டி கண்ணீர் விடுகிறாள். வெளியே கொட்டும் பனியில் அவள் வண்டிக்காரன் விறைத்துச் செத்துக்கொண்டிருக்கிறான். செயலாக மாறாத உணர்ச்சி மனத்தைக் கெடுத்துவிடும் என்பதற்கு இந்தப் படம். கச்சேரிக்குப் போய் உருகினால் திரும்பி வந்து ஏதாவது ஒரு சின்ன நல்ல காரியமாவது செய்துவிடு, பாட்டியிடம் அன்பாக நாலு வார்த்தை பேசினாலும் போதும் என்கிறார்.

இதையெல்லாம் கேம்பிரிட்ஜ் ஆசிரியர்களுக்குச் சொற்பொழிவாகவும் சொன்னார். 1899-இல் நூலாக வந்தது. அதில் ஒரு எச்சரிக்கை உண்டு: உளவியல் ஒரு விஞ்ஞானம், கற்பித்தல் ஒரு கலை, விஞ்ஞானத்திலிருந்து கலை நேரடியாகப் பிறக்காது. 'மூளை ஆராய்ச்சியின்படி பாடம் நடத்துங்கள்' என்று பயிற்சி வகுப்பு விற்பவர்கள் இதைப் படித்தால் நல்லது.

செயல்பாட்டு உளவியல் என்பது எது?

மனம் எவற்றால் ஆனது என்று கேட்பது ஒரு வழி. மனம் என்ன வேலை செய்கிறது என்று கேட்பது இன்னொரு வழி. 1898-இல் உளவியலாளர் எட்வர்ட் டிச்சனர் இரண்டையும் பெயரிட்டுப் பிரித்தார். அவர் முதல் கட்சி. இரண்டாம் கட்சிதான் செயல்பாட்டு உளவியல், அதற்குச் சிகாகோ தலைநகரம். டூயியிடமும் ஜேம்ஸிடமும் படித்த ஜேம்ஸ் ரோலண்ட் ஏஞ்சல் அதன் முக்கியக் குரல்.

அடித்தளம் போட்டது 1896-இல் டூயி எழுதிய கட்டுரை. குழந்தை மெழுகுவத்திச் சுடரைப் பார்க்கிறது, கை நீட்டுகிறது, சுட்டதும் இழுத்துக்கொள்கிறது. தூண்டல், துலங்கல், மறுபடி தூண்டல் என்று இதைத் துண்டு போடுவது அன்றைய வழக்கம், அதற்கு 'அனிச்சை வில்' என்று பெயர். டூயி மறுத்தார். குழந்தை சும்மா இருந்து ஒளியை வாங்கிக்கொள்ளவில்லை. தலை திருப்பி, கண் குவித்துப் பார்க்கிறது. பார்ப்பதே ஒரு செயல். சுட்டபிறகு அந்தச் சுடர் வேறு பொருள் ஆகிவிடுகிறது: இனி அது 'தொட்டால் சுடும் வெளிச்சம்'. ஆகவே நடப்பது வில் இல்லை, வட்டம். கல்வி பற்றி அவர் பின்னால் சொன்னது முழுவதும் இந்த மெழுகுவத்தியில் இருக்கிறது என்றுகூடச் சொல்வேன்.

நடத்தைவாதம் இவர்களுடைய குழந்தையா?

தறுதலைப் பிள்ளை என்று வேண்டுமானால் சொல்லலாம். மனத்தை விட்டுவிட்டு வெளியே தெரியும் நடத்தையை மட்டும் ஆராய வேண்டும் என்பது நடத்தைவாதம். அதைத் தொடங்கிய ஜான் வாட்சன் சிகாகோவில் 1903-இல் முனைவர் பட்டம் வாங்கியவர். டூயி வகுப்பில் என்ன சொன்னார் என்று அப்போதும் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை என்று தன் வரலாற்றில் எழுதினார். டூயி வட்டம் என்று காட்டியதை மறுபடி தூண்டல், துலங்கல் என்று நறுக்கியதைப் பார்த்தால் அவர் பொய் சொல்லவில்லை என்று தெரிகிறது.

சிகாகோவிலேயே டூயியின் நண்பர் ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட் வேறு வழியில் போனார். 'நான்' என்பது பிறக்கும்போதே உள்ளே இருப்பதல்ல, பிறருடைய இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கப் பழகும்போது உருவாவது என்றார். பேஸ்பால் ஆடும் பிள்ளை, மற்ற எல்லா ஆட்டக்காரர்களும் என்ன செய்வார்கள் என்பதை மனத்தில் ஏந்திக்கொண்டுதான் ஆட முடியும். அவர் 1931-இல் இறந்தபின் மாணவர்களின் குறிப்புகளைத் தொகுத்து 1934-இல் நூல் போட்டார்கள். சமூகவியல் படிப்பவர்களுக்கு அவர் இன்றும் பாடம்.

பர்ஸுக்கு உளவியலில் பங்கு உண்டா?

உண்டு, யாரும் சொல்வதில்லை. அவரும் மாணவர் ஜோசஃப் ஜாஸ்ட்ரோவும் எடைகளுக்கு இடையே எவ்வளவு சிறு வேறுபாட்டை மனிதரால் உணர முடியும் என்று சோதித்தார்கள். கனத்ததை முதலில் தருவதா, லேசானதையா என்பதைக் குலுக்கிய சீட்டுக்கட்டால் முடிவு செய்தார்கள். 1884–85-இல் வந்த ஆய்வு அது. சோதனைகளில் வரிசையைத் தற்செயலுக்கு விட வேண்டும் என்ற முறையைப் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1920-களில் பரப்புவதற்கு நாற்பது வருடம் முன்பு!

டூயி நடத்திய பள்ளியில் உண்மையில் என்ன நடந்தது?

1896 ஜனவரியில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி 16 பிள்ளைகளோடு தொடங்கியது. 1902-இல் 140 பிள்ளைகள், 23 ஆசிரியர்கள். ஆய்வுக்கூடப் பள்ளி என்று பெயர். பிள்ளைகளை எலியாக்கும் ஆய்வுக்கூடம் அல்ல. கொள்கை நடப்பில் நிற்கிறதா என்று பார்க்கும் இடம். ஒரு கருத்தை நடப்பில் சோதிக்க வேண்டும் என்று எழுதியவர் தன் கருத்தையும் அங்கே சோதனைக்கு விட்டார்.

பள்ளிக்கு மேசை வாங்கக் கடைகடையாக ஏறியதை டூயியே எழுதியிருக்கிறார். எதுவும் பிடிக்கவில்லை. கடைசியில் ஒரு கடைக்காரர் சொன்னாராம்: 'பிள்ளைகள் வேலை செய்வதற்கு ஏற்ற மேசை கேட்கிறீர்கள். இங்கே இருப்பதெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பதற்கான மேசைகள்.' பழைய கல்வி பற்றி இதைவிடச் சுருக்கமான விமர்சனம் கிடையாது, அதுவும் ஒரு மரச்சாமான் வியாபாரியிடமிருந்து.

பிள்ளைகள் சமைத்தார்கள், நெய்தார்கள், தச்சுவேலை செய்தார்கள். பருத்தி விஷயத்தைப் பாருங்கள். பிள்ளைகள் கையில் பஞ்சுக்காயும் ஆட்டு ரோமமும் கொடுக்கப்பட்டன. கம்பளித் தொழில் முன்னேறியபின் வெகுநாள் கழித்தே பருத்தித் தொழில் ஏன் வளர்ந்தது? ஒரு குழு அரைமணி நேரம் உட்கார்ந்து கொட்டையிலிருந்து பஞ்சைப் பிரித்தது. கிடைத்தது ஓர் அவுன்ஸுக்கும் குறைவு. ஒருவர் நாள் முழுக்கப் பிரித்தாலும் எவ்வளவு தேறும் என்று பிள்ளைகளே கணக்குப் போட்டார்கள். ஏன் மக்கள் கம்பளி உடுத்தினார்கள், பஞ்சு கடையும் இயந்திரம் வந்ததும் ஏன் எல்லாம் மாறியது என்று அவர்களுக்குத் தானாகப் புரிந்தது. வரலாறு, பொருளாதாரம், இயந்திரவியல் மூன்றும் விரல்நுனி வலியிலிருந்து கிளம்பின.

சமையலறையில் முட்டை. காய்கறியிலிருந்து இறைச்சிக்குப் போகும் கட்டம். முதலில் இரண்டிலும் என்னென்ன சத்து என்று ஒப்பிட்டார்கள். பிறகு தண்ணீர் எந்தச் சூட்டில் என்ன ஆகிறது, அந்தந்தச் சூட்டில் முட்டையின் வெள்ளைக்கரு என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். முட்டை வேகவைக்கக் கற்றுக்கொள்வது ஐந்து நிமிட வேலை. ஏன் அப்படி வேகிறது என்று கற்றுக்கொள்ள வேதியியல் வேண்டியிருக்கிறது.

1904-இல் டூயி விலகினார். மனைவி ஆலிஸ்தான் பள்ளியின் தலைமையாசிரியை. அந்தப் பதவி நிரந்தரமா இல்லையா என்பதில் பல்கலைக்கழகத் தலைவர் ஹார்ப்பரோடு மனக்கசப்பு. டூயி நியூயார்க்கின் கொலம்பியாவுக்குப் போய்விட்டார்.

அப்படியானால் செய்து கற்றல் என்றால் கைவேலைதானே?

இல்லை. தெர்மகோல் வெட்டி எரிமலை செய்து, அதுவும் அப்பா செய்து, கண்காட்சியில் வைப்பதை டூயி தலையில் கட்டாதீர்கள். கை அசைவது முக்கியமில்லை, சிக்கல் இருக்க வேண்டும். 1910-இல் எழுதிய நூலில் சிந்தனையின் படிகளைச் சொல்கிறார்: ஏதோ இடறுகிறது, என்ன இடறுகிறது என்று கண்டுகொள்கிறோம், ஒரு தீர்வு தோன்றுகிறது, அது சரியானால் என்னவெல்லாம் ஆக வேண்டும் என்று யோசிக்கிறோம், செய்துபார்த்து ஏற்கிறோம் அல்லது தள்ளுகிறோம். இடறல் இல்லாத இடத்தில் சிந்தனை இல்லை. பஞ்சுக்காய் இடறியது. எரிமலை இடறவில்லை, சோடா உப்பு பொங்கியது, கைதட்டினார்கள்.

பிள்ளைகளை இஷ்டப்படி விட்டுவிடச் சொன்னவர்தானே டூயி?

அவரைப் பின்பற்றுவதாகச் சொன்ன சிலர் அப்படிச் செய்தார்கள். 1938-இல், 78 வயதில், அதை மறுத்துச் சின்ன நூல் ஒன்று எழுதினார். எல்லா அனுபவமும் கல்வி ஆகாது. சில அனுபவம் மேற்கொண்டு வளரவிடாமல் முடக்கும். எந்த அனுபவம் எங்கே கொண்டுபோகும் என்று தெரிந்து சூழலை அமைப்பது ஆசிரியரின் வேலை. பழைய முறையைவிட இதில் ஆசிரியருக்கு உழைப்பு அதிகம்.

திட்டமுறை டூயியுடையதா?

பிள்ளைகள் ஒரு வேலைத்திட்டத்தை எடுத்து முடித்துக் கற்கும் அந்த முறை வில்லியம் கில்பாட்ரிக்குடையது, 1918. டூயியின் மாணவர். தேர்வில் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அமெரிக்கப் பள்ளிகள் டூயி சொன்னபடி மாறினவா?

பேச்சில் மாறின. நடப்பில் வென்றவர் உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக். அவரும் ஜேம்ஸின் மாணவர்தான். கோழிக்குஞ்சுகளை வைத்துச் சோதனை செய்ய இடம் கிடைக்காமல் தவித்தபோது ஜேம்ஸ் தன் வீட்டு நிலவறையைக் கொடுத்தார். பிறகு பெட்டிக்குள் அடைத்த பூனைகளைக் கொண்டு முயன்று தவறிக் கற்றலைக் காட்டி, 1898-இல் கொலம்பியாவில் பட்டம் வாங்கினார். இருப்பது எதுவானாலும் ஏதோ ஓர் அளவில் இருக்கிறது, ஆகவே அளக்கலாம் என்பது அவர் நிலை. அளவுகோல், மதிப்பெண், தரப்படுத்திய தேர்வு எல்லாம் அந்தப் பக்கம். டூயி தோற்றார், தார்ண்டைக் வென்றார் என்று புரிந்துகொள்ளாமல் 20-ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கல்வி வரலாறு புரியாது என்று எலன் லேகமன் என்ற வரலாற்றாசிரியர் எழுதினார். ஆனாலும் 1957-இல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியதும், பிள்ளைகளுக்குக் கணக்கு வராததற்கு டூயிதான் காரணம் என்று திட்டியவர்கள் ஏராளம். நடைமுறைக்கே வராத மருந்துக்குப் பக்கவிளைவு!

பெண்களே இல்லையா இந்தக் கதையில்?

இருந்தார்கள், பெயர் பின்னுக்குப் போனது. மேரி விட்டன் கால்கின்ஸ் 1890-இல் ஜேம்ஸின் வகுப்பில் சேர்ந்தபோது மற்ற மாணவர்கள் விலகிவிட, நூலக அறையில் கணப்பருகே ஆசிரியரும் அவரும் மட்டும் உட்கார்ந்து படித்தார்கள். 1895-இல் முனைவர் தேர்வில் சிறப்பாகத் தேறினார். பெண் என்பதால் ஹார்வர்ட் பட்டம் தரவில்லை. பத்து வருடத்தில் அமெரிக்க உளவியல் கழகத்தின் முதல் பெண் தலைவர் ஆனார். சிகாகோ பக்கம் எலா ஃபிளாக் யங் என்ற ஆசிரியை, டூயியிடம் முனைவர் பட்டம் பெற்றவர், 1909-இல் நகரப் பள்ளிகள் அனைத்துக்கும் கண்காணிப்பாளர் ஆனார். வகுப்பறையை உள்ளும் புறமும் அறிந்தவர் அவர். டூயி அவரிடம் கற்றதும் நிறைய. ஜேன் ஆடம்ஸ் ஏழைக் குடியேறிகளுக்காக நடத்திய ஹல் ஹவுஸ் டூயிக்கு இன்னொரு பள்ளி. மகளுக்கு ஜேன் என்றே பெயர் வைத்தார்.

இந்தியாவோடு ஏதாவது தொடர்பு?

ஜேம்ஸ் தன் 1907 நூலில் விவேகானந்தரை நீளமாக மேற்கோள் காட்டுகிறார். எல்லாம் ஒன்றே என்னும் ஒருமைவாதத்தின் உச்சம் வேதாந்தம் என்று மரியாதையோடு சொல்லிவிட்டு, தன் மனம் பன்மையின் பக்கமே என்று நகர்ந்துவிடுகிறார்.

பெரிய தொடர்பு அம்பேத்கர். 1913 முதல் 1916 வரை கொலம்பியாவில் படித்தபோது டூயியின் வகுப்புகளில் இருந்தார். ஜனநாயகம் ஓர் ஆட்சிமுறை மட்டுமல்ல, முதலில் அது கூடிவாழும் முறை, அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ளும் முறை என்பது டூயியின் 1916 நூலில் உள்ள கருத்து. லாகூரில் பேச முடியாமல்போய் 1936-இல் அச்சான சாதி ஒழிப்பு உரையில் அம்பேத்கர் அதை எடுத்தாள்கிறார். குழுக்களுக்கு இடையே ஊடுபரவல் வேண்டும் என்று டூயி உயிரியலிலிருந்து கடன் வாங்கிய சொல்லையும் எடுத்துக்கொள்கிறார். அமெரிக்கப் பள்ளியை மனத்தில் வைத்து எழுதிய சொல், சாதிக்குள்ளேயே மணக்க வேண்டும் என்ற அகமண விதியால் சாதிகளை அடைத்து வைத்திருக்கும் சமூகத்துக்கு வந்ததும் எவ்வளவு கூர்மையாகிவிடுகிறது! ஒவ்வொரு சமூகமும் கடந்த காலத்தின் பட்ட மரங்களைச் சுமக்கிறது, அனைத்தையும் அடுத்த தலைமுறைக்குக் கடத்த வேண்டியதில்லை என்ற டூயியின் வரிகளை, தன் ஆசிரியர் என்று நன்றியோடு பெயர் சொல்லியே தருகிறார். அந்த உரை தமிழில் வந்துவிட்டது என்று 1937-ஆம் வருடப் பதிப்பின் முன்னுரையில் அம்பேத்கரே குறிப்பிடுகிறார். டூயியின் வரிகள் தமிழுக்கு முதலில் எந்த வழியில் வந்தன என்று தேடுகிறவர்கள் கல்வியியல் பாடநூலை விட்டு இந்தப் பக்கம் பார்க்கலாம்.

தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றல் டூயியுடைய முறையா?

நேர்வழி வாரிசு இல்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003 வாக்கில் தொடங்கி 2007–08-இல் மாநிலம் முழுக்கப் போன அந்த முறை, ஆந்திராவின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகள் வழியாக வந்தது. அதற்கும் பின்னால் கல்வியாளர் டேவிட் ஹார்ஸ்பரோ இருக்கிறார். அட்டை, ஏணிப்படி, பிள்ளை தன் வேகத்தில் ஏறுவது, சுவரில் தாழ்வாகப் பிள்ளைகளுக்கான கரும்பலகை: மேசைக் கடைக்காரருக்குப் பிடித்திருக்கும். டூயி ஒரு கேள்வி கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு பிள்ளையும் தன் அட்டையோடு தனியே ஏறினால், எல்லாரும் சேர்ந்து ஒரு சிக்கலைத் தூக்குவது எப்போது?

இந்தத் தத்துவத்தின் பலவீனம் என்ன?

'நடப்பில் என்ன மாறும்' என்று கேட்கலாம். எது நல்ல மாற்றம் என்று யார் சொல்வது? 1917-இல் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியதை டூயி ஆதரித்தார். அவரிடம் படித்த ராண்டால்ஃப் போர்ன், வழிமுறைகளில் இவ்வளவு தேர்ந்த தத்துவத்துக்கு லட்சியம் என்று ஒன்றைத் தீர்மானிக்கத் தெரியவில்லையே என்று கடுமையாக எழுதினார். அந்தக் கேள்விக்கு எனக்குத் திருப்தியான பதில் இதுவரை கிடைக்கவில்லை. போருக்குப் பின் டூயி மாறினார், போரையே சட்டவிரோதமாக்க வேண்டும் என்ற இயக்கத்தில் சேர்ந்தார். அனுபவத்திலிருந்து கற்றார் என்று சொல்லலாம். அந்த அனுபவத்துக்கு யார் யார் விலை கொடுத்தார்கள் என்றும் கேட்கலாம்.

எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

ஜேம்ஸின் பழக்கம் பற்றிய அத்தியாயம், பிறகு மேசைக் கதையும் பஞ்சுக்கதையும் உள்ள டூயியின் 1899-ஆம் வருடச் சொற்பொழிவுகள். இரண்டும் காப்புரிமைக் காலம் கடந்தவை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். டூயியின் பெரிய நூல்களில் நேரே குதிக்க வேண்டாம். ஜேம்ஸ் எழுதினால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல இருக்கும், டூயி அப்படியல்ல. பழைய கிளப் நண்பர் ஹோம்ஸ் எண்பதைத் தாண்டிய வயதில் டூயியின் ஒரு நூலைப் படித்து அசந்துபோனார், ஆனால் நடை அவரையும் வாட்டியது. பிரபஞ்சம் எப்படி இருக்கிறது என்று சொல்லக் கடவுளுக்குத் துடிப்பு இருந்து, பேச்சு மட்டும் சரியாக வராமல் போயிருந்தால், இப்படித்தான் பேசியிருப்பார் என்று கடிதத்தில் எழுதினார்.